சித்ரா பௌர்ணமிக்குக் குமுளி வருகிறோம்: சாப்பாடு, வைன் விவரம் வேண்டும்

திருப்பூரிலிருந்து நாலு பேர் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருகிறோம். அங்கே என்ன சாப்பிடலாம்? கம்பம் திராட்சை வைன் எங்கே கிடைக்கும்?

கம்பம் தோட்டக்காரர்:
தம்பி, முதலில் கோயில். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் திறப்பு. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பிளாஸ்டிக் பாட்டில், மது, அசைவம் எதுவும் கூடாது. விடியும்போதே ஏறிவிடுங்கள், மதியத்துக்கு மேல் விடமாட்டார்கள். குமுளியிலிருந்து ஜீப் உண்டு. நடக்கத் தெம்பிருந்தால் தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடி கிராமத்திலிருந்து ஏறும் பாதைதான் அருமை. வெயில் மண்டையைப் பிளக்கும், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் எங்கள் பக்கம் வாருங்கள். எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொட்டை உண்டு, ஆனால் அந்த வாசனை கொட்டையில்லாத ரகத்துக்கு வரவே வராது. பந்தலடியில் நின்று சாப்பிட்டுப் பாருங்கள்.

குமுளி அக்கா:
வைன் இங்கே பல வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் போடுவது. திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை, ஈஸ்ட், கிராம்பு சேர்த்துப் பரணியில் (பீங்கான் ஜாடியில்) மூடி வைத்து, தினமும் மரக்கரண்டியால் கிளறுவோம். உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது, அதனால் விலைக்குக் கேட்காதீர்கள். கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் கோயிலுக்குப் போன மறுநாள் சாப்பிடுங்கள்.

கேட்டவர்:
சரி அக்கா. பளியன்குடி வழியாகவே நடக்கிறோம். ஜீப்புக்கு வரிசை நிற்க வேண்டாம்.