உமிழ்நீரில் இன்டர்லூக்கின்-8: நோயில்லாதவர்களிடமும் அளவு கூடுவது ஏன்?

கேள்வி (முதுநிலை மாணவி, வாய் நோய்க்குறியியல்)

வணக்கம். வாய்ப் புற்றுநோயாளிகளின் உமிழ்நீரில் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகிய அழற்சிப் புரதங்களை எலைசா (எதிர்ப்புரதங்களைக் கொண்டு ஒரு புரதத்தின் அளவைக் காணும் சோதனை) முறையில் அளந்து, நோயில்லாதவர்களோடு ஒப்பிடுவது என் ஆய்வேடு. ஒப்பீட்டுக் குழுவின் பத்துப் பேரில் நால்வருக்கு இன்டர்லூக்கின்-8 நோயாளிகளுக்கு இணையாக வந்திருக்கிறது. சோதனைப் பொருள்கள் அடங்கிய கிட் காலாவதியாகவில்லை, ஒரே மாதிரியைச் சோதனைத் தட்டின் இரண்டு குழிகளில் இட்டபோது அளவுகள் ஒத்துப்போயின. ஆனாலும் கிட்டை மாற்றிப் பார்க்கும்படி வழிகாட்டி சொல்கிறார், அதற்குப் பணமில்லை. தவறு எங்கே இருக்கக்கூடும்?

மறுமொழி (ஆய்வகப் பணியாளர்)

இரண்டு குழிகளும் ஒத்துப்போகும்போது கிட்டை முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை. உமிழ்நீரைத் தானாக ஊறவிட்டு எடுத்தீர்களா, எதையாவது மெல்லவைத்து எடுத்தீர்களா? மென்றால் சுரப்பு பெருகிப் புரதம் நீர்த்துப்போகும். மையவிலக்கியில் சுழற்றிய பின் குழாயின் அடியில் இளஞ்சிவப்புப் படிவு தெரிந்தால், அந்த மாதிரியில் இரத்தம் கலந்திருக்கிறது.

மறுமொழி (ஈறு நோய் மருத்துவர்)

அந்த நால்வரின் ஈறுகளைப் பார்த்தீர்களா? நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்களை வீக்கமுள்ள இடத்துக்கு அழைப்பதுதான் இன்டர்லூக்கின்-8-இன் வேலை; பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமான பை உள்ள ஒருவருக்குப் புற்றுநோய் இல்லாமலேயே அது ஏராளமாகச் சுரக்கும். ஆனால் கூடிய நால்வரை மட்டும் சோதித்து நீக்கினால், விடையை நீங்களே வளைத்தவர் ஆவீர்கள். மீதி அறுவரையும் நோயாளிகளையும் அதே அளவுகோலால் சோதிக்க வேண்டும்.

மாணவி

அனைவரையும் வரவழைத்துச் சோதித்தேன். நால்வரில் மூவருக்கு ஆழமான பைகள் இருந்தன. மற்ற அறுவருக்கும் ஈறு நன்றாக இருந்தது. நான்காமவருக்கும் ஈறு நன்றாகவே இருந்தது, ஆனால் வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளிறி, தடவினால் நார்ப்பட்டை தட்டுப்பட்டது. புகையிலை உண்டா என்று மட்டுமே படிவத்தில் கேட்டிருந்தேன். வெறும் பாக்கு மெல்வதாக அவர் இப்போதுதான் சொல்கிறார்.

மறுமொழி (மூத்த நோய்க்குறியியலாளர்)

அவரை நோயில்லாதவர் என்று எழுத முடியாது. அது வாய் அடிச்சளி நார்ப்பெருக்கம், புற்றுக்கு முந்தைய நிலை. பாக்கு தனியாகவே புற்று விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட மதிப்பீடு வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் படிவம் அந்தக் கேள்வியை விட்டது பெரிய பிழை.

இன்னொன்று. உமிழ்நீர் அளவு புரதம் இருப்பதைக் காட்டுமே தவிர, எந்த உயிரணு சுரந்தது என்று காட்டாது. புற்றணுவில் மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பா பி என்னும் புரதம் உட்கருவுக்குள் புகுந்து இன்டர்லூக்கின்-6 மரபணுவை முடுக்க, வெளியேறிய அப்புரதம் அதே அணுவின் ஏற்பியைத் தொட்டு ஸ்டாட்-3 என்னும் இன்னொரு இயக்குபுரதத்தை எழுப்ப, அது அணுவைச் சாகவிடாமல் பெருகச் செய்கிறது. இச்சுழற்சியைத் திசுவில்தான் பார்க்க முடியும். பயாப்சியில் எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகள் உங்கள் துறையிலேயே இருக்குமே. பாஸ்பேட் ஏறிய, அதாவது விழித்தெழுந்த, ஸ்டாட்-3-க்கு நிறமூட்டி, உட்கரு பழுப்பாகிறதா என்று பாருங்கள்.

மாணவி

மெழுகுக் கட்டிகள் இருக்கின்றன, ஐயா. நான்காமவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை புறநோயாளிப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.