தேக்கில் செதுக்க முதலில் எதை வாங்குவது: சிஎன்சியா, ரம்பமா?

கேள்வி (யாங்கோன், தாம்வே)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்கட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், ஓய்வு நேரங்களில் நம் குடும்பங்களுக்குச் சாமி மாடங்களும் வாசல் பெயர்ப்பலகைகளும் செய்து வருகிறேன். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்குச் சட்டங்களையும், சில சமயம் பியின்கடோ என்னும் கனமான மரத்தின் துண்டுகளையும் வாங்கிப் பயன்படுத்துகிறேன். இதுவரை என்னிடம் இருப்பவை உளி, இழைப்புளி, கைரம்பம் ஆகியவையே. மாடத்தின் பின்பலகையில் மயிலும் தாமரையும் புடைப்பாக வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டதால் ஒரு சிறு சிஎன்சி இயந்திரம், அதாவது கணினிக் கோப்பின்படி தானே செதுக்கும் இயந்திரம், வாங்க எண்ணுகிறேன். என் பெரிய பலகையின் அளவு 400க்கு 300 மில்லிமீட்டர். 3018 என்று விற்கப்படும் இயந்திரம் இப்போதே என் கைக்கு எட்டும். 6040 வகைக்கு இன்னும் ஓராண்டு சேமிக்க வேண்டும். மேசை ரம்பமும் வாங்க வேண்டுமா? எங்கள் பகுதியில் மின்சாரம் நினைத்த நேரத்தில் போய்விடுகிறது என்பதையும் கருத்தில் கொண்டு வழிகாட்டுங்கள்.

பதில் 1 (மோல்மேன்)

தம்பி, முதலில் ரம்பத்தை வாங்குங்கள். சிஎன்சியின் மேசையில் வைக்கும் பலகை இரு முகமும் சமமாகவும் ஒரே கனமாகவும் இல்லாவிட்டால், மயிலின் தலை ஆழமாகவும் வால் மேலோட்டமாகவும்தான் விழும். ஆனால் உங்கள் வேலைக்கு மேசை ரம்பத்தைவிட, வளையமான பல்பட்டை சுற்றி ஓடி அறுக்கும் பட்டை ரம்பமே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. மேசை ரம்பத்தின் வட்டத்தகடு ஒவ்வொரு அறுப்பிலும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடும். பட்டை ரம்பத்தில் அது ஒரு மில்லிமீட்டர் அளவோடு நின்றுவிடும். நான்கு அங்குலச் சட்டத்தை நிமிர்த்திவைத்து மெல்லிய பலகைகளாகப் பிளக்கும்போது, அந்த மிச்சத்திலேயே ஒரு பலகை கூடுதலாகக் கிடைத்துவிடும். இன்று தேக்கு விற்கும் விலையில் இதைச் சிறிய விஷயமாக எண்ண முடியாது. பட்டை கீழ்நோக்கி ஓடுவதால் மரத்தை மேசையோடு அழுத்துமே தவிர, ஆளை நோக்கி எறியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். பழைய வீட்டுத் தேக்கில் ஆணி இல்லாத சட்டத்தை நான் கண்டதில்லை. தலை முறிந்து உள்ளே புதைந்தவை கண்ணுக்குத் தெரியாது. வலுவான காந்தத்தை நூலில் கட்டி நான்கு முகங்களிலும் மெல்ல ஓட்டிப் பார்த்த பிறகே அறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் போன வருடம் ஒரே மாலையில் இரண்டு பட்டைகளை இழந்தேன்.

பதில் 2 (யாங்கோன், இன்செயின்)

மோல்மேன் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன்; சிஎன்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

3018 என்ற எண்ணே 300க்கு 180 மில்லிமீட்டர் வேலைப்பரப்பைக் குறிக்கிறது. உங்கள் பலகை அதில் அடங்காது. அடங்கினாலும், பிட் எனப்படும் செதுக்குமுனையைச் சுழற்றும் அதன் சுழல்மோட்டார் ஒரு சிறிய 775 வகை மோட்டார்தான். தேக்கில் 3 மில்லிமீட்டர் பிட்டை அரை மில்லிமீட்டருக்கு மேல் இறக்கினால் சட்டமே அதிர்வதை என் பழைய இயந்திரத்தில் கண்டேன். பியின்கடோ, தமிழ்நாட்டில் இருள் என்று சொல்லப்படும் மரம். தேக்கைவிட மிகவும் கனமானது. அதற்கு இந்த இயந்திரம் சிறிதும் பொருந்தாது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் சாதாரண எஃகுப் பிட்டின் முனை விரைவில் மழுங்கும். எஃகைவிடக் கடினமான கார்பைட் பிட் மட்டுமே வாங்குங்கள். ஓராண்டு பொறுத்து, 600க்கு 400 மில்லிமீட்டர் பரப்பும் 1.5 கிலோவாட் சுழல்மோட்டாரும் உள்ள 6040 வாங்குவதே நல்லது.

இனி மின்சாரம். உங்கள் 400க்கு 300 பலகையை 3 மில்லிமீட்டர் உருண்டைமுனைப் பிட்டால் முடிப்பு வேலை செய்வதாகக் கொள்வோம். வரிக்கு வரி 0.3 மில்லிமீட்டர் தள்ளினால் ஆயிரம் வரிகள். ஒவ்வொன்றும் 400 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 1500 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினாலும் ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் தடையின்றி மின்சாரம் இருக்கும் நாள் நமக்கு அரிது. ஆகவே வடிவத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு கோப்பாக, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இதனினும் முக்கியமானது, எல்லை சுவிட்சுகள்; இயந்திரம் தன் ஓட்டத்தின் ஓரத்தை எட்டியதை உணர்த்துபவை. பல சிறிய இயந்திரங்களில் இருக்கும் ஜிஆர்பிஎல் கட்டுப்பாட்டு நிரல், நீங்கள் குறித்த வேலைத் தொடக்கப்புள்ளியை மின்சாரம் போன பின்னும் நினைவில் வைத்திருக்கும். ஆனால் இயந்திரம் இப்போது எங்கே நிற்கிறது என்பது அதற்கு மறந்துவிடும். எல்லை சுவிட்சு இருந்தால், மின்சாரம் வந்ததும் இயந்திரத்தை மூலைக்கு அனுப்பி அந்த நிலையை மீட்டுக்கொள்ளலாம். பலகையைப் பிடிப்பிலிருந்து அசைக்காதிருந்தால் பழைய புள்ளி அப்படியே கிடைக்கும். சுவிட்சு இல்லாவிட்டால் கண்ணளவில் மீண்டும் பொருத்த வேண்டும். புடைப்பு வேலையில் அரை மில்லிமீட்டர் விலகினாலே கோடு தெரிந்துவிடும். விற்பவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

யூபிஎஸ் வாங்கலாம் என்று பலர் சொல்வார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும் அதை இணைத்துவிடாதீர்கள். மின்சாரம் போனதும் சுழல்மோட்டார் நின்றுவிடும். ஆனால் நகர்த்தும் மோட்டார்கள் தொடர்ந்து ஓடி, சுழலாத பிட்டை மரத்துக்குள் இழுத்து முறித்துவிடும். இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும். ஜெனரேட்டர் என்றால், ரம்பத்தின் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும் என்பதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள். சிஎன்சி ஓடும்போது அதே ஜெனரேட்டரில் ரம்பத்தைக் கிளப்ப வேண்டாம்.

பதில் 3 (பெகு)

அலமாரியும் கதவும் செய்யும் எனக்கு மேசை ரம்பம் இல்லாமல் முடியாது. நீளமான நேர் அறுப்பில் பட்டை ரம்பம் அதற்கு ஈடாகாது. பின்னால் வாங்குவதானால் தகட்டின் பின்னே, தகட்டோடு ஏறி இறங்கும் பிளவுக்கத்தி உள்ளதை மட்டும் வாங்குங்கள். அறுபட்ட மரம் நெருங்கித் தகட்டைப் பிடிக்காமல் தடுப்பது அதுதான்; பிடித்தால் பலகை உங்கள் வயிற்றை நோக்கி வரும். குறுக்கே அறுக்கும்போது பக்கத் தடுப்பையும் கோண வழிகாட்டியையும் ஒருசேரப் பயன்படுத்தாதீர்கள்.

தூளைப் பற்றி யாரும் பேசவில்லை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 1995இல் வெளியிட்ட தொகுதியில் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. தேக்குத் தூள் தோலிலும் அரிப்பு உண்டாக்கும். பத்தடி அறையில் உறிஞ்சுகுழாயும் முகக்கவசமும் இல்லாமல் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நன்றி. இந்த ஆண்டு 14 அங்குலப் பட்டை ரம்பமும் தூள் உறிஞ்சியும் வாங்குகிறேன். 6040 வாங்க அடுத்த ஆண்டு வரை காத்திருப்பேன். பலகை பிளக்க எந்தப் பட்டை போட வேண்டும் என்பதையும், மழைக்காலத்தில் சிஎன்சி மேசைமேல் போடும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை உப்புமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (மோல்மேன்)

அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு மூன்று பல். மெல்லத் தள்ளுங்கள், பல்லிடுக்கில் தூள் வெளியேற இடம் வேண்டும்.

பதில் 2 (யாங்கோன், இன்செயின்)

உப்பும். ஆனி, ஆடியில் என் மேசையை வாரம் ஒருமுறை அகலப் பிட்டால் சமன்செய்கிறேன். தேக்குப் பலகைகளையும் அதே அறையில் இரண்டு வாரம் அடுக்கிவைத்து, அறையின் ஈரத்துக்குப் பழகிய பிறகே செதுக்குங்கள். ஒட்டுவதாக இருந்தால், தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. அசிட்டோனில் துடைத்து, அது உலர்ந்தவுடனே ஒட்டிவிடுங்கள்.