நடுக்கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றத் திரும்பி வந்த கப்பல்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பழைய போசன்:

முப்பத்தோரு வருஷம் சரக்குக் கப்பலில் இருந்து, தளத்து மாலுமிகளுக்குத் தலைவனான போசனாக ஓய்வு பெற்றவன் நான். அதில் கடலில் தத்தளித்த ஆட்களைத் தூக்கியது ஒரே ஒரு தடவைதான். எங்களுக்கு விருது ஒன்றும் வரவில்லை. ஆனால் 2016-ல் கேப்டன் ராதிகா மேனனுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரச்செயல் விருது கிடைத்த செய்தியைப் படித்ததும் அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

2015 ஜூன் மாதம். அவருடைய சம்பூர்ண ஸ்வராஜ்யா எண்ணெய்க் கப்பல் ஒடிசாவின் கோபால்பூருக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. காக்கிநாடாவிலிருந்து போன துர்கம்மா என்ற மீன்பிடிப் படகு எஞ்சின் பழுதாகி, நங்கூரமும் போய், நாள்கணக்கில் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே ஏழு பேர். சாப்பாடும் தண்ணீரும் அலையில் போய்விட்டன. மீனுக்கு வைத்திருந்த ஐஸைத் தின்று உயிரோடு இருந்தார்கள். அலை 25 அடிக்கு மேல். ஊரில் காரியத்துக்கே ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததாம்.

'பைலட் ஏணி வழியாக ஏற்றினார்கள்' என்று செய்தியில் ஒரு வரிதான் இருந்தது. கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிடும் கயிற்று ஏணி அது. கப்பலில் இருந்தவனுக்கு அந்த ஒரு வரி போதும், மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். லாரியைப் போலப் படகு பக்கத்தில் கொண்டுபோய்க் கப்பலுக்கு பிரேக் போட முடியாது. சுற்றி வந்து, காற்று ஒரு பக்கம் அடிக்க, படகு மறு பக்கம் வரும்படி நிறுத்த வேண்டும். அந்த மறைவில் கடல் கொஞ்சம் அடங்கும். ஆனால் காற்று தள்ளத் தள்ள, கப்பலே படகின் மேல் சாய்ந்துகொண்டு வரும். கேப்டனுக்கு வியர்ப்பது அப்போதுதான்.

எங்கள் கதை 1998 அக்டோபர். அதே வங்காள விரிகுடா. விடிகாலை வாட்ச்சில் நின்ற பையன், "சட்டை மாதிரி ஏதோ ஆடுது" என்றான். கிட்டப் போனால் மரப்படகு, மூன்று பேர். கயிற்றை நான்தான் வீசினேன். நுனியில் உருண்டை முடிச்சு போட்ட கயிறு. இரண்டு தடவை காற்று கொண்டுபோனது, மூன்றாவது விழுந்தது. அலை படகைத் தூக்கி உச்சிக்குக் கொண்டுவரும்போது ஏணியைப் பிடித்து, உடனே நாலு படி ஏறிவிட வேண்டும். படகு இறங்கும்போது பிடித்தால், அடுத்த அலையில் அது மேலே வந்து காலை நசுக்கிவிடும். இளவட்டங்கள் இரண்டு பேர் ஏறிவிட்டார்கள். பெரியவர் ஏற மாட்டேன் என்றார். படகு அவருடையது, கடனும் அடையவில்லை. தெலுங்கு தெரிந்த எங்கள் பம்ப்மேன் மேலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான். கடைசியில் ஏறினார். இடுப்பில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய படகுக் காகிதங்கள், அவை மட்டும் நனையவில்லை. படகு கண்ணிலிருந்து மறையும்வரை பின்தளத்தில் நின்றவர், காபி கொடுத்தும் வாங்கவில்லை.

ஆறு மணி நேரம் தாமதம். ஏன் என்று சரக்குக்காரர் விளக்கம் கேட்டு டெலக்ஸ் (தந்தி மாதிரி அச்சில் வரும் செய்தி) அனுப்பியதும் நடந்தது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

காசிமேட்டுக்காரன்:

அண்ணே, நீங்கள் மேலிருந்து பார்த்ததைச் சொன்னீர்கள். நான் கீழே இருந்தவன்.

எஞ்சின் போய் நாலு நாள் நீரோட்டம் இழுத்த பக்கம் போனோம். மூன்று கப்பல்கள் தாண்டிப் போயின. ஒன்று அவ்வளவு கிட்டே போனது, அதன் எஞ்சின் சத்தம் நெஞ்சில் அதிர்ந்தது. துணியை டீசலில் முக்கிக் கம்பில் கட்டிக் கொளுத்தி ஆட்டினோம். நிற்கவில்லை.

நாலாம் ராத்திரி இன்னொன்று வந்தது. முதலில் பச்சை விளக்கு மட்டும் தெரிந்தது, அதுவும் தாண்டிப் போகிறது என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பும் சேர்ந்துகொண்டது. கடலில் தொழில் செய்கிறவனுக்கு இது தெரியும்: இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கப்பலின் மூக்கு நேரே நம்மைப் பார்க்கிறது. மற்ற நாளில் அதைக் கண்டால் வலையை அறுத்துவிட்டு ஓடுவோம். அன்றைக்கு எங்கள் டிரைவர் அதைப் பார்த்துத்தான் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பிலிப்பைன்ஸ் ஆட்கள். சோறும் வறுத்த மீனும் கொடுத்தார்கள். மீனைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை.

கோஜே வெல்டர்:

நான் தென்கொரியாவில், கோஜே தீவில் கப்பல் கட்டும் யார்டில் வேலை செய்கிறேன். இங்கே பழைய போர்க்கைதி முகாமைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். அதற்குள், வடகொரியாவின் ஹுங்னாமிலிருந்து அகதிகளை வெளியேற்றியதற்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. மெரிடித் விக்டரி என்ற அமெரிக்க சரக்குக் கப்பலின் கதை அது. லீவு நாளில் சும்மா போனவன் அரை நாள் அங்கேயே நின்றுவிட்டேன்.

1950 டிசம்பர், கொரியப் போர். 12 பயணிகளுக்கு மட்டும் இடமிருந்த கப்பல். கேப்டன் லெனார்ட் லாரூ ஹுங்னாம் துறைமுகத்தில் ஏற்றியது சுமார் 14,000 அகதிகளை. சரக்கு இறக்கும் கிரேனால் பலகை பலகையாக மனிதர்களைச் சரக்கு அடுக்கும் பொந்துக்குள் இறக்கினார்கள். எனக்குக் கப்பலின் பொந்து தெரியும், தினமும் அதற்குள் இறங்குகிறவன். வெல்டிங் செய்ய நாலு பேர் இறங்கினாலே மூச்சு முட்டும். கீழே வெளிச்சம் இல்லை, கழிப்பிடம் இல்லை, குளிர் வேறு. பூசானில் இடமில்லை என்று திருப்பிவிட, கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தத் தீவில்தான் இறக்கினார்கள். வழியில் ஒருவரும் சாகவில்லை, ஐந்து குழந்தைகள் பிறந்தன. மாலுமிகள் அவற்றுக்கு, கொரியர்களின் ஊறுகாய்ப் பெயரால், 'கிம்ச்சி' ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை பெயர் வைத்தார்களாம். பிற்பாடு அதிபரான மூன் ஜே-இன்னின் பெற்றோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்.

1960-ல் அமெரிக்கா 'கேலன்ட் ஷிப்' விருது கொடுத்தது. மனிதருக்கு இல்லாமல் கப்பலுக்கே கொடுக்கும் விருது, எனக்கு அது பிடித்திருந்தது. கேப்டன் துறவியாகி மடத்தில் சேர்ந்துவிட்டார். கப்பலை 1993-ல் சீனாவில் பழைய இரும்புக்கு உடைத்தார்கள். யார்டில் வேலை செய்கிறவனுக்கு இது சகஜம், இருந்தாலும் அன்றைக்கு மனசு கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தி:

2022 நவம்பரில் வியட்நாம் பக்கத்துக் கடலில் 303 இலங்கையரோடு தத்தளித்த கப்பலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஹீலியோஸ் லீடர் என்ற ஜப்பான் கப்பல்தான் எல்லாரையும் ஏற்றி வுங் டாவ் துறைமுகத்தில் இறக்கியது. என்ர மச்சானும் அதில் இருந்தவர். மாமிக்கு அந்தப் பெயர் இன்னமும் வாயில் வராது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும்போது "லீடர்க் கப்பல்காரப் பிள்ளையள் நல்லா இருக்க வேணும்" என்று சொல்லுவா.

பழைய போசன்:

காசிமேட்டுத் தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த மூன்று கப்பல்களும் உங்களைப் பார்க்காமலே போயிருக்கலாம். அலை இருக்கும்போது சின்னப் படகு ரேடாரில் அலையோடு கலந்துவிடும். பார்த்தும் போயிருக்கலாம், அதையும் மறைக்க மாட்டேன். ஆபத்தில் இருப்பவரைக் காப்பது கேப்டனின் கடமை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் 2001-ல் நார்வேயின் டாம்பா என்ற சரக்குக் கப்பல் கடலில் தத்தளித்த 438 பேரை ஏற்றிக்கொண்டு வந்தபோது ஆஸ்திரேலியா இறக்க விடாமல், கப்பலுக்குள் ராணுவத்தை அனுப்பியது. அடுத்த வருஷம் அதே கேப்டன் ஆர்னே ரின்னனுக்கும் அவருடைய ஆட்களுக்கும் ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் விருது. விருது அப்புறம் வரும். நடுக்கடலில் நிற்கும்போது கேப்டன் கண்ணுக்கு ராணுவமும் டெலக்ஸும்தான் தெரியும்.

அது இருக்கட்டும். இப்போது உங்கள் படகுக் கம்பத்தில் ரேடார் ரிஃப்ளெக்டர் (கப்பல் ரேடாரில் படகைப் பளிச்சென்று காட்டும் தகடு) கட்டியிருக்கிறீர்களா, இல்லையா?