மனைவியின் முதல் மணப் பிள்ளையை மகவேற்றல்: புதுப்பிப்பு

திருகோணமலையில் மனைவியின் முதல் மணப் பிள்ளையைச் சட்டப்படி தன் பிள்ளையாக்குவது (மகவேற்றல், அதாவது தத்தெடுத்தல்) எப்படி என்று போன பதிவில் எழுதியிருந்தோம். வயது வித்தியாசம், பெற்ற தகப்பனின் சம்மதம் போன்றவை பற்றி அதன் பின் வந்த கேள்விகளுக்கு இது பதில்.

இலங்கையின் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்றல் கட்டளைச் சட்டப்படி, விண்ணப்பிப்பவர் பிள்ளையை விடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும். ஆனால் வாழ்க்கைத்துணையின் பிள்ளைக்கு இதில் விலக்கு உண்டு. 'நான் 18 வயதுதான் கூட' என்று யாரும் பின்வாங்க வேண்டாம்.

கணவன் தனியாக விண்ணப்பிக்காமல் மனைவியோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே நல்லது. நீதிமன்றத்தின் மகவேற்றல் கட்டளை பிறந்ததும் பழைய பெற்றோரின் உரிமைகள் அற்றுப்போகும். அதனால் தாயின் இடம் பற்றிச் சந்தேகமே எழக்கூடாது.

அதிகம் இழுபடுவது பெற்ற தகப்பனின் சம்மதம்தான். இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் போதும். உயிரோடிருந்தால் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பிள்ளையைக் கைவிட்டவர், தேடியும் கிடைக்காதவர் என்றால் நீதிமன்றம் அதைத் தவிர்க்கலாம், ஆனால் 'எங்கே என்று தெரியாது' என்ற ஒரு வரி எடுபடாது. கடைசி முகவரிக்கு அனுப்பித் திரும்பிய பதிவுத் தபால், கிராம உத்தியோகத்தரின் கடிதம், பராமரிப்பு வழக்கு இருந்தால் அதன் பிரதி, எல்லாவற்றையும் சட்டத்தரணியிடம் முதலிலேயே கொடுங்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமும் கட்டாயம். தயவுசெய்து பிள்ளையிடம் வீட்டிலேயே ஆறுதலாகப் பேசுங்கள். நீதிமன்றத்தில் வைத்துத் தெரியவரக் கூடாது.

பெயர்கள் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களில் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டளைக்குப் பின் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் மகவேற்றல் பதிவு நடக்கும்.