5 பெட்டைக்கு 3 ஆண் வாத்து: பெட்டைகளின் பிடரி மொட்டையாகிறது, என்ன செய்யலாம்?

கொல்லைப்புறம்

வணக்கம். கும்பகோணம் பக்கம் கிராமம். வீட்டுக் கொல்லையில் 7 மாத வயதுள்ள காக்கி கேம்பல் வாத்துகள் இருக்கின்றன: 5 பெட்டை, 2 ஆண். கூடவே ஒரு மணிலா (உடம்பு பெரிய வேறு வாத்து இனம்) ஆண், 6 நாட்டுக் கோழி. பகலில் எல்லாம் ஒன்றாகத்தான் திரியும்.

4 பெட்டைகளுக்குப் பிடரியில் இறகே இல்லை. ஒன்றுக்கு முதுகில் கீறல், இன்னொன்று நொண்டுகிறது. ஐந்தாவது பெட்டை மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் கொழுகொழுவென்று இருக்கிறது. தினம் 4 முட்டை கிடைத்தது, இப்போது 2தான். தீவனம் லேயர் மேஷ் (முட்டையிடும் கோழிக்கான தூள் தீவனம்). குளிக்க 2 அடி ஆழ சிமெண்ட் உறை ஒன்றைப் பதித்திருக்கிறேன்.

இது பேன் தொல்லையா, தோல் நோயா, இறகு உதிர்ப்பா? மருந்து இருந்தால் சொல்லுங்கள்.

வயல்வாத்து

மருந்தில் தீருகிற விஷயம் இல்லைங்க, ஆண்கள் அதிகம். இணையும்போது ஆண் பெட்டையின் பிடரியை அலகால் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் முதுகில் ஏறும். ஆண் அதிகமானால் ஒரே பெட்டை ஒரு நாளில் பலமுறை மாட்டும்.

நோயா இல்லையா என்று இறகு போன இடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இறகு உதிர்ப்பு என்றால் உடம்பு முழுக்கக் கொட்டும், அடியில் புது இறகுக் குருத்து முள் முள்ளாகத் தெரியும். ஆண்களின் தொல்லை என்றால் பிடரி, முதுகு, இறக்கை சேரும் இடம் ஆகிய மூன்றில் மட்டும்தான் இருக்கும். பாதி ஒடிந்த தண்டுகள் தோலில் நிற்கும். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை.

காக்கி கேம்பலில் ஒரு ஆணுக்கு 5 முதல் 7 பெட்டை வேண்டும். 3 ஆணையும் வைத்துக்கொள்வதென்றால் குறைந்தது 15 பெட்டை. அப்போது மொத்தம் 18 உருப்படி. இரவுக் கொட்டகையில் ஒன்றுக்கு 4 சதுர அடி என்று பார்த்தால் 72 சதுர அடி தேவைப்படும். இடமும் தீவனமும் இல்லாவிட்டால் ஆண்களைக் குறைப்பதுதான் வழி.

முட்டைக்காக மட்டும் வளர்க்கிறீர்கள் என்றால் ஆணே வேண்டாம். ஆண் இல்லாமலும் பெட்டை அதே அளவு முட்டையிடும், அது குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

தாராப்பட்டி

வயல்வாத்து சொன்னது சரி. ஆனால் எண்ணிக்கையிலேயே எனக்குச் சந்தேகம். 5 பெட்டை என்கிறீர்கள். ஒரு நாளாவது 5 முட்டை வந்ததுண்டா? பிடரி கெடாத அந்த ஐந்தாவது பெட்டையைக் கையில் தூக்கிப் பிடித்து, என்ன சத்தம் போடுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பெட்டை என்றால் காதைக் கிழிக்கும்படி 'குவாக்' என்று கத்தும். தொண்டை கட்டியதுபோல் கரகரவென்று மெல்லிய சத்தம் வந்தால் அது ஆண். வால் மேலே சுருண்ட இறகு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். இறகு உதிர்க்கும்போது சுருளும் விழும், தலையின் பச்சைப் பளபளப்பும் மங்கும்; பார்க்கப் பெட்டை மாதிரியே இருக்கும். 2 மாதத்துக்கு மேல் குரல்தான் நம்பகமான அடையாளம். மணிலாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது: ஆண் சீறும், பெட்டைக்கும் பெரிய சத்தம் கிடையாது, உடம்பின் அளவையும் முகத்துச் சிவப்புச் சதையையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

கொல்லைப்புறம்

தூக்கிப் பார்த்தேன் அண்ணா. கரகரவென்றுதான் சத்தம். 5 முட்டை ஒரு நாளும் வந்ததில்லை. அப்படியென்றால் 4 பெட்டைக்கு 4 ஆணா!

தாராப்பட்டி

ஆமாம் தம்பி. முதலில் மணிலாவைப் பிரியுங்கள், இன்றைக்கே. நன்கு வளர்ந்த மணிலா ஆண் 4 கிலோவுக்கு மேல் வரும், உங்கள் பெட்டை ஒவ்வொன்றும் 2 கிலோதான் இருக்கும். அந்தக் கனம் ஏறினால் இடுப்பும் காலும் தாங்காது. நொண்டலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மணிலாவுக்கு நகமும் கூர்மை, முதுகுக் கீறல் அப்படித்தான் வரும். பெட்டையோடு இணைந்து குஞ்சு பொரித்தாலும் அது கலப்பு. வளரும், கறிக்கு ஆகும், ஆனால் இனம் பெருக்காது.

காக்கி ஆண் மூன்றில் ஒன்று போதும். எதை வைப்பது என்று கேட்டால், பெட்டையை விடாமல் துரத்துகிற, மற்ற ஆண்களை முட்டித் தள்ளுகிற முரட்டு ஆண் வேண்டாம். கால் நேராக இருக்கிற, கண் தெளிவான, சாந்தமான ஆண் நல்லது. 4 பெட்டைக்கு ஒரு ஆண் என்பதே கொஞ்சம் அதிகம். பிடரி ஆறும்வரை அதையும் தனியே வையுங்கள். பிறகு இன்னும் 2 பெட்டை வாங்கிச் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும்.

விற்கவோ கறிக்கோ மனம் இல்லையென்றால் ஆண்களை மட்டும் ஒரே அடைப்பில் விடலாம். பெட்டை கண்ணில் படாவிட்டால் பெரும்பாலும் சண்டை இருக்காது. அதனால் நடுவில் வெறும் கம்பி வலை போதாது; 3 அடி உயரத்துக்குத் தார்ப்பாயோ தகரமோ கட்டி மறையுங்கள்.

நீர்க்கரை

அந்த உறையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2 அடி ஆழம், செங்குத்தான சுவர், வாத்து ஏறி வரப் படி இல்லை. வாத்து தரையிலும் இணையும், ஆனால் தண்ணீரில் இணையத்தான் அதிகம் விரும்பும். ஒரு பெட்டை மேல் இரண்டு மூன்று ஆண்கள் ஏறினால் தலை முங்கி அது செத்தே போகும். நீந்தத் தெரிந்த பறவைதானே என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே செங்கல்லைப் படிபோல் அடுக்குங்கள், அல்லது தண்ணீரை முக்கால் அடிக்குக் குறையுங்கள். அலகும் கண்ணும் முங்குகிற ஆழம் இருந்தால் வாத்தின் ஆரோக்கியத்துக்குப் போதும்.

கால்நடைத்துணை

புண்ணுக்கான விவரம்.

கீறல் பட்ட பெட்டையையும் நொண்டுகிறதையும் ஒன்றாகத் தனியே வையுங்கள். ஒற்றையாய் வைத்தால் வாத்து இரை எடுக்காது. 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு கரைத்துப் புண்ணைக் கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடினைத் தேநீர் நிறத்துக்குத் தண்ணீர் சேர்த்து, காலை மாலை தடவுங்கள். மேல்தோல் ஆறும்வரை உறைத் தண்ணீரில் விட வேண்டாம், அது எச்சம் கலந்த தண்ணீர். குடிக்க ஆழமான வாளி வையுங்கள்.

வேப்பெண்ணெய் தடவுவதென்றால் புண்ணைச் சுற்றி ஈ உட்காரும் இடத்தில் ஒரு விரல் நுனி அளவு போதும். இறகில் எண்ணெய் படிந்தால் தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விடும், நனைந்து நடுங்கும். மழைக்காலத்தில் தினமும் இறகை விலக்கிப் பாருங்கள், அரிசி நுனிபோல் வெள்ளை முட்டைகள் தெரிந்தால் ஈ முட்டையிட்டிருக்கிறது என்று அர்த்தம். உப்புத் தண்ணீரால் கழுவி, சாமணத்தால் எடுத்துவிட வேண்டும். புழு உள்ளே இறங்கிவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். டர்பன்டைன் ஊற்றாதீர்கள், பறவைக்கு அது நஞ்சு.

நொண்டும் காலின் அடிப்பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கறுத்த பொருக்கும் வீக்கமும் இருந்தால் அது சீழ்க்கட்டி, இணைவதால் வந்த சுளுக்கு அல்ல. பாதம் சுத்தமாக இருந்தால் வைக்கோல் பரப்பி ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள்.

முழு இறகும் பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரங்களில் முளைத்துவிடும். ஒடிந்த தண்டு நிற்கும் இடத்தில் அடுத்த இறகு உதிர்ப்புக்குப் பிறகுதான் புது இறகு வரும். மொட்டையாகவே இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

வயல்வாத்து

கோழிகளையும் பிரித்துவிடுங்கள். சேவலுக்கு வெளியே நீளும் உறுப்பு கிடையாது, ஆண் வாத்துக்கு உண்டு, திருகாணிபோல் முறுக்கி இருக்கும். பெட்டைகளைப் பிரித்ததும் ஆண்களின் பார்வை கோழி பக்கம் திரும்பும். கோழி மேல் ஏறினால் உள்ளே கிழிந்து கோழி செத்துவிடும்.

தீவனம்: லேயர் மேஷில் சுண்ணாம்புச்சத்து 3 சதவீதத்துக்கு மேல் இருக்கும். முட்டையிடாத ஆணுக்கு அது மாதக்கணக்கில் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆண்கள் அடைப்பில் குரோயர் (வளரும் பருவத்துக்கான) தீவனம் போடுங்கள். ஆணும் பெட்டையும் சேர்ந்து தின்னும் இடத்திலும் குரோயரே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் பெட்டை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஒரு வாத்துக்கு நாளைக்கு 150 முதல் 170 கிராம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு ஒரு பிடிகூட வேண்டாம், கோழி தாங்குகிற நச்சை வாத்து தாங்காது.

கொல்லைப்புறம்

மணிலாவைப் பிரித்தாயிற்று, செங்கல்லும் அடுக்கியாயிற்று. இன்னொன்று: ஒரு காக்கி ஆணுக்குப் பின்பக்கம் சிவப்பாக ஏதோ தொங்குகிறது, உள்ளே போகவில்லை.

கால்நடைத்துணை

அதன் உறுப்புதான். அளவுக்கு மீறி இணைந்தாலோ, சுத்தமான தண்ணீர் இல்லாமல் மண் ஒட்டினாலோ வீங்கி வெளியிலேயே நின்றுவிடும். உடனே தனியே எடுங்கள், மற்றவை கொத்திவிடும். உப்புத் தண்ணீரில் கழுவி, சர்க்கரையைக் குழைத்துப் பூசிச் சிறிது நேரம் விட்டால் வீக்கம் வடியும். கழுவி, வாசலின் தடவி, விரலால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள், அழுத்தம் கூடாது. பிறகு சுத்தமான தண்ணீர்த் தொட்டியோடு தனியே இருக்கட்டும். காய்ந்து கறுத்துவிட்டாலோ, மறுநாளும் உள்ளே நிற்கவில்லை என்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த ஆணை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

தாராப்பட்டி

பிடரி ஆறி ஆணைச் சேர்க்கும்போது சாயங்காலம் சேருங்கள், இரவு மட்டும் வலைக்கு அந்தப் பக்கம் அடையுங்கள். பெட்டைகள் காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும், அதன் பிறகு திறந்தால் போதும். குஞ்சுக்கு முட்டை எடுப்பதென்றால் ஆணைச் சேர்த்து 10 நாள் கழித்து எடுங்கள். மணிலாவோடு இருந்ததால், அதைப் பிரித்த நாளிலிருந்து 2 வாரம் வரை வரும் முட்டை கலப்பாக இருக்க வாய்ப்புண்டு, அவற்றைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காக்கி கேம்பல் அடை உட்காராது. நாட்டுக் கோழியிடம் 8 முட்டை வைக்கலாம், 28 நாள் ஆகும், 7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து உள்ளே ரத்த நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடுங்கள்.