கொடைக்கானல் பயணம்: முழுச் சுமையையும் பின் கேரியரில் கட்டலாமா?

தல்லாகுளத்தான்:
மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி, பழனிக்கு இறங்கி, திண்டுக்கல் வழியாகத் திரும்ப எண்ணியுள்ளேன். கியர் சைக்கிளில் பதினைந்து கிலோ சுமை இருக்கும். முழுவதையும் பின் கேரியரிலேயே கட்டிவிடலாமா?

செல்லூர்வாசி:
தாராளமாகக் கட்டலாம். பால்காரர்கள் கனத்த கேன்களைப் பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கவிட்டு, விடியுமுன்பே ஊர் ஊராகக் கடந்து வருகிறார்கள். அவர்கள் முன்பக்கம் எதையும் ஏற்றுவதில்லை. இராமேசுவரம் சென்றபோது நான் முன்ஃபோர்க்கிலும் பைகளை மாட்டியிருந்தேன்; பாம்பன் பாலத்தில் அவற்றின் மீது மோதிய கடற்காற்று ஹேண்டில்பாரைப் பிடுங்குவதுபோல் இழுத்ததால், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பாலத்தை இறங்கி உருட்டியே கடந்தேன்.

வைகைக்கரை:
பால்காரரின் வண்டி வேறு, ஐயா. அது இரும்பு ரிம் போட்ட 28 அங்குல வண்டி. பின்சக்கரத்தில் 40 ஸ்போக்ஸ் கம்பிகள் உண்டு. கியர் சைக்கிள்கள் பலவற்றில் 32 கம்பிகள்தான். அவற்றிலும் பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக வலப்புறக் கம்பிகள் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்பதால், இடப்புறத்தைவிட அதிக இறுக்கத்தில் இருக்கின்றன. ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கை ஏற்கெனவே தாங்கும் அந்தச் சக்கரத்தின் மேல் முழுச் சுமையும் ஏறினால், ஹப்பை ஒட்டிய வளைவில் கம்பி முறிகிறது. மலைப்பாதை தொடங்கும் காட்ரோட்டைத் தாண்டிய ஏற்றத்தில் எனக்கு முறிந்தது வலப்புறக் கம்பிதான். அந்தப் பக்கத்தை மறைக்கும் பல்சக்கரத் தொகுதியான கேசட்டைக் கழற்றும் கருவி கையில் இல்லாததால் மாற்றுக் கம்பி இருந்தும் பயன்படவில்லை. சக்கரம் கோட்டமாகிப் பிரேக் கட்டையில் உரச, பயணம் அங்கேயே முடிந்தது.

செல்லூர்வாசி:
அது சக்கரத்தின் குறை. புறப்படுமுன் நல்ல மெக்கானிக்கிடம் எல்லாக் கம்பிகளின் இறுக்கத்தையும் பார்த்துக் கோட்டம் எடுத்திருந்தால் முறிந்திருக்காது. அதைச் செய்யாமல் பையை இடம் மாற்றுவதால் என்ன பயன்?

வைகைக்கரை:
கோட்டம் எடுப்பது கட்டாயம் என்பதை முழுமனதுடன் ஏற்கிறேன்; இராமேசுவரச் சமவெளிக்கு நானும் முன்பைகளைத் தவிர்ப்பேன். மலையில்தான் நிலைமை மாறுகிறது. சுமை முழுவதும் பின்னால் இருந்தால், செங்குத்தான கொண்டை ஊசி வளைவுகளில் முன்சக்கரம் இலேசாகி நேர்க்கோட்டில் நிற்பதில்லை. ஆகவே நான்கைந்து கிலோவை மட்டும் முன்ஃபோர்க்கின் இருபுறமும் சமமாகவும் தாழ்வாகவும் மாட்டி, கருவிகளையும் தண்ணீரையும் சைக்கிள் சட்டத்தின் (ஃபிரேமின்) நடுவில் வைத்து, எஞ்சியதைப் பின்னால் ஏற்றலாம். பால்காரரிடம் கற்க வேண்டியதும் அந்தத் தாழ்வுதான்: கேன்கள் சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்குகின்றன, கேரியரின் மேல் உயரமாக அடுக்கப்படுவதில்லை.

தல்லாகுளத்தான்:
எண்ணிப் பார்த்தேன், 32 தான். கோட்டம் எடுத்த பிறகு, முழுச் சுமையுடன் அழகர்கோவில் வரை சென்று திரும்பி, கேரியர் திருகுகள் தளர்கின்றனவா என்று பார்க்கிறேன். மாற்றுக் கம்பிகளை எந்த அளவில் வாங்குவது?

செல்லூர்வாசி:
பின்சக்கரத்தின் இரு பக்கங்களுக்கும் நீளம் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடும். கம்பியின் வளைவின் உட்புறத்திலிருந்து மரை முடியும் நுனி வரை அளந்து, பக்கத்துக்கு இரண்டாக வாங்கிச் சட்டத்தோடு டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள். கேசட் கழற்றும் கருவியையும் மறக்க வேண்டாம். அந்த ஒன்றில் வைகைக்கரை சொல்வது சரியே.