"அப்படி என்னத்தைத் தின்னே?" – குடல் அழற்சிக்காரர்கள் சொல்லும் கதை

ஓவர்லாக், திருப்பூர்

எனக்குப் பெருங்குடலில் புண் அழற்சி. டாக்டர்கள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். கண்டுபிடித்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் வீட்டுக்கு வந்த ஒரம்பரை அத்தனை பேரும், சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்படி என்னத்தைத் தின்னே?"

என்ன தின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் பனியன் கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்தவன். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். காலை பதினொரு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், பொழுதோட பப்ஸ், ராத்திரி வீட்டுக்குப் போகும்போது பையனுக்கு வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டில் பாதி. ஞாயிற்றுக்கிழமையானால் பெரிய பாட்டிலில் கலர். எங்கள் அப்பத்தா கம்மஞ்சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போனவர். எண்பது தாண்டியும் வயிறு என்று படுத்ததில்லை. அதனால் பேக்கரிதான் என்னைக் கெடுத்தது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

ரத்தம் போக ஆரம்பித்தபோது மூலம் என்றார்கள். நானும் நம்பினேன். உடம்பு சூடு என்று துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, இளநீர் என்று ஒன்றரை வருடம் ஓடியது. கடைசியில் நாளைக்குப் பன்னிரண்டு தடவை. ஹீமோகுளோபின் 7.2. சூப்பர்வைசர் பாத்ரூம் வாசலில் வந்து நின்று கூப்பிட்ட அன்றுதான் லீவு போட்டு, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிக்குப் போனேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வருடம் உடம்பு நன்றாக இருந்தது. இயற்கை உணவு முகாம் ஒன்றில், மாத்திரையெல்லாம் வேண்டாம், சிறுதானியமும் பச்சைக் காய்கறியும் போதும் என்றார்கள். மெசலமைன் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டே மாதம். மறுபடி ரத்தம், ஸ்டீராய்டு, முகம் பூசணி மாதிரி.

உங்களுக்கெல்லாம் எப்படி? சாப்பாடுதான் காரணம் என்று உங்கள் டாக்டர் யாராவது அடித்துச் சொன்னாரா?

கணக்கு டீச்சர், கோபி

தம்பி, என் மகளுக்கு குரோன் நோய், குடல் அழற்சியில் இன்னொரு வகை. பதினேழு வயதில் தெரிந்தது. என் மாமியார் இன்றுவரை குரோம்பேட்டை நோய் என்றுதான் சொல்கிறார். 1932இல் நியூயார்க்கில் இதைப் பற்றி எழுதிய மருத்துவர்களில் ஒருவர் பெயர் பர்ரில் குரோன், அதுதான் பெயர்க்காரணம் என்று எத்தனை முறை சொன்னாலும் குரோம்பேட்டையை விடுவதில்லை. மகள் நோய்க்கு நான் வாங்கித் தந்த பள்ளிபாளையம் சிக்கன்தான் காரணம் என்பதும் அவர் தீர்ப்பு.

எனக்கு எண்கள் இருந்தால்தான் மனம் ஆறும். தேடினேன். 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு. 21 நாடுகள், 1,16,087 பேர், இந்தியாவும் அதில் உண்டு. ஏறக்குறைய பத்து வருடம் கவனித்திருக்கிறார்கள். சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம், சாஸ், பதப்படுத்திய இறைச்சி மாதிரியான தொழிற்சாலை உணவை நாளைக்கு ஐந்து பங்குக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, ஒரு பங்குக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இந்த நோய்கள் வரும் வாய்ப்பு 82 சதவீதம் அதிகம். படித்த அன்று ராத்திரி தூங்கவில்லை. மகளுக்கு டிபன் டப்பாவில் பிஸ்கட் வைத்து அனுப்பியது யார், நான்தானே?

காலையில் எழுந்து மறுபடி படித்தேன். அத்தனை பேரில் நோய் வந்தது 467 பேருக்கு. ஆயிரம் பேருக்கு நான்கு. அந்த நான்கு ஏழோ எட்டோ ஆனாலும், பாக்கெட் தின்ற ஆயிரத்தில் தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கு மேல் எதுவும் ஆகவில்லை. என் மகனும் அதே பிஸ்கட்டைத் தின்றவன், கல்லைத் தின்றாலும் செரிக்கும். அப்புறம், சாதாரணக் கறி, கோழி, பால், பருப்பு, காய்கறி எதற்கும் நோயோடு சம்பந்தம் தெரியவில்லை. பள்ளிபாளையம் சிக்கன் விடுதலை! மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். ஒத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்க நர்ஸுகள் 1,70,776 பேரை 26 வருடம் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வும் உண்டு. நார்ச்சத்து அதிகம், அதாவது நாளைக்கு 24 கிராம் அளவுக்குச் சாப்பிட்டவர்களுக்கு குரோன் வருவது சுமார் 40 சதவீதம் குறைவு. பழத்தின் நார்தான் முக்கியமாகத் தெரிந்தது. ஆனால் உங்களுக்கு இருக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு அப்படித் தெளிவாகக் குறையவில்லை. இரண்டு ஆய்வுமே இதுவும் அதுவும் சேர்ந்து வருகிறது என்று காட்டுபவை. இதனால்தான் அது வந்தது என்று தீர்ப்புச் சொல்ல அவை போதாது. அதனால் உங்கள் பேக்கரிக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுங்கள், ஆனால் தினமும் போகாதீர்கள்.

சானடோரியம் ஸ்டாப், பெருந்துறை

காசநோய் ஆஸ்பத்திரி இருந்ததால் பெயர் வாங்கிய ஊர்ப்பகுதி எங்களுடையது. அந்த ஊர்க்காரனான எனக்கு இருப்பது குரோன், எனக்கே காசநோய் மருந்து ஆறு மாதம் கொடுத்தார்கள், இல்லாத காசநோய்க்கு! சிறுகுடல் கடைசியில் புண், எடை பதினொரு கிலோ இறக்கம், சாயங்காலக் காய்ச்சல். குடல் காசநோயும் குரோனும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்குமாம். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தும் பல நேரம் பிடிபடாது. காசநோய் இருக்கும்போது குரோன் என்று ஸ்டீராய்டு கொடுத்தால் அது பரவிவிடும் என்பதால் முதலில் அந்த மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது உண்டு. அப்போது கோபப்பட்டேன். இப்போது புரிகிறது.

என் கதையில் சாப்பாடு வேறு மாதிரி வருகிறது. குடல் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது, நார் கம்மியாகச் சாப்பிடு, விதை, தோல், சக்கை வேண்டாம் என்று எழுதியே கொடுத்தார் டாக்டர். வீட்டிலோ, நார் இல்லாமல்தானே நோய் வந்தது, கம்பும் சோளமும் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். அண்ணன் தோட்டத்தில் வெந்த மக்காச்சோளம் இரண்டு கதிர், அவித்த கடலைக்காய் ஒரு வட்டில். அன்று நடுராத்திரி வயிறு கல்லாகி, பச்சையாக வாந்தி. அடைப்பு. மூன்று நாள் மூக்கில் குழாய். நோய் வராமல் காக்கும் சாப்பாடு ஒன்று, வந்த பிறகு அவரவர் குடலுக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடு வேறு. இதை என் அண்ணனுக்குப் புரியவைக்கக் குழாயே தேவைப்பட்டது. இப்போது அரிசிம்பருப்பைக் குழைய வடித்துத் தருகிறார்கள். போதும்.

பீடி குடிப்பவர்கள் யாராவது இருந்தால், குரோனுக்கு அது நேரடி எதிரி. நான் விட்டுவிட்டேன், அதுவே பெரிய கதை.

மஞ்சள் மண்டி, ஈரோடு

எனக்கும் கொலைட்டிஸ்தான். மண்டிக்காரனுக்கு வைத்தியம் சொல்லவா ஆள் இல்லை? மஞ்சள் பால் குடி, மஞ்சள் பால் குடி! 2006இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 89 பேரில் பாதிப் பேருக்கு மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருளை நாளைக்கு 2 கிராம் கொடுத்தார்கள். அவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது உண்மைதான். ஆனால் எல்லோருமே வழக்கமான மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நல்ல விரலி மஞ்சளிலேயே குர்குமின் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் இருக்கும். 2 கிராமுக்கு ஐம்பது, அறுபது கிராம் மஞ்சளைப் பாலில் கலக்க வேண்டும். எனக்கு வியாபாரம் ஆகும், உங்களுக்கு நாக்கு போகும்.

ஹாஸ்டல், கோயம்புத்தூர்

அண்ணா, அக்கா எல்லோருக்கும் ஒரு கேள்வி. போன வருடம்தான் எனக்குக் கண்டுபிடித்தார்கள். மெஸ்ஸில் என்ன சாப்பிடலாம் என்பதைவிட, காந்திபுரத்தில் பஸ் ஏறி ஊர் போய்ச் சேரும்வரை என்ன செய்வது என்பதுதான் என் கவலை. பஸ் நாளில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஓவர்லாக், திருப்பூர்

தண்ணீரை நிறுத்தாதே அம்மிணி, மயக்கம் வரும். நான் வெள்ளனே எழுந்து, கிளம்ப மூன்று மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அதோடு சரி. முடிந்தால் ரயில். பையில் மாற்றுத்துணி எப்போதும் உண்டு, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வழியில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் பாத்ரூம் பூட்டாமல் இருக்கும் என்று அவினாசி ரோடு முழுக்க எனக்கு மனப்பாடம். தனியாகச் சொல்கிறேன்.

டீச்சரக்கா, நாளைக்கு மச்சான் தோட்டத்தில் கிடாவிருந்து. பக்கத்து இலையில் பெரியப்பா உட்காருவார். தண்ணீர் டம்ளரை வைத்ததும் அந்தக் கேள்வியைக் கேட்பார். ஆயிரத்துக்கு நான்கு என்று உங்கள் கணக்கை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். நான் முடிப்பதற்குள் குடல் குழம்பு வாளி வந்துவிடும்.